மீனே, கொஞ்சம் சிரி!

'ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?' என்று ஆபீஸில் யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. 'கடலுக்கு அடியில் போய் போட்டோ எடுப்பேன்' என்று சொன்னால் போதும், அடுத்த மூன்று கேள்விகளும் ரெடிமேடாக வந்து விழும்.

ஒன்று, சுறா கடிக்காதா?

இரண்டு, கேமரா நனையாதா?

மூன்று, இதுக்கு எவ்வளவு தருவாங்க?

நிதானமாகப் பதில் சொல்கிறேன். சிங்கப்பூர்க் கடலில் சுறாவைப் பார்ப்பது லாட்டரி அடிக்கிற மாதிரி. பார்த்தவர் அந்த மாதம் முழுக்க அதையே பேசி நம்மைக் கடிப்பார், சுறா கடிக்காது. கேமரா நனையாது, நனைந்தால் அதற்குப் பேர் கேமரா இல்லை, பேப்பர் வெயிட். மூன்றாவது கேள்விக்குத்தான் தொண்டை அடைக்கிறது. தருவதா? நாம்தான் சார் தரணும்! படகுக்குத் தரணும், சிலிண்டருக்குத் தரணும், கேமராவுக்கும் தரணும், அந்தக் கேமராவுக்குச் சட்டை மாதிரி மாட்டுகிற கவசப் பெட்டிக்கு அதைவிட அதிகமாகத் தரணும். இவ்வளவும் தந்துவிட்டுக் கீழே போனால், மீன் நமக்கு முதுகைக் காட்டும்.

இப்படி முதுகைப் படமெடுத்தே காலம் தள்ளுகிற இருபத்தைந்து பேர் சேர்ந்து நடத்துவதுதான் எங்கள் நீரடிப் புகைப்படச் சங்கம். பேங்க்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், டாக்ஸி ஓட்டுகிற அங்கிள் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற நான். தலைவர் ஒரு சீனர். ரிடையர்டு வாத்தியார். மாதம் ஒருமுறை கூட்டம். கூட்டம் என்றால் ஒரு கோப்பிக் கடைக்கு மேலே இருக்கிற அறையில், திரையில் படங்களைப் போட்டு, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் மரியாதையாகத் திட்டுவது. 'நல்லாத்தான் இருக்கு, ஆனா மீன் எங்கே லா?' என்று தலைவர் கேட்டால், அந்தப் படம் அவுட்.

மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். 'கண்', 'வட்டம்', 'ஜோடி' என்று. 'ஜோடி' என்று தலைப்பு கொடுத்த மாதம், டாக்ஸி அங்கிள் கடலடியில் கிடந்த இரண்டு செருப்புகளைப் படமெடுத்து வந்தார். இரண்டும் இடது கால் செருப்பு. பரிசு அவருக்குத்தான்!

என்னை இந்தச் சங்கத்தில் கொண்டுபோய்த் தள்ளியவர் ஒரு அண்ணன். என்னைப் போலவே தொண்டிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். 2020-ல் கொரோனா வந்து என் வேலை போனபோது, 'ரூம் வாடகையை எதுக்குடா வீணாக் கொடுக்கறே? பெட்டியைத் தூக்கிட்டு வா' என்று தன் வீட்டு ஹாலில் இரண்டு மாதம் படுக்க வைத்துச் சோறு போட்டவர். அடுத்த வருஷம் எனக்கு வேலை கிடைத்ததும், டைவிங் பள்ளிக்கு இழுத்துப் போய்ப் பேர் கொடுத்தவரும் அவரேதான். 'கடற்கரையில பொறந்துட்டு கடலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம சாகலாமாடா?' என்றார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? போனேன்.

கீழே போனால் முதல் அதிர்ச்சி, கலர். தண்ணீர் ஒரு வடிகட்டி மாதிரி. முதலில் சிவப்பைக் குடித்துவிடும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப்போகும். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கையில் லேசாகக் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர், தான் மனிதனே இல்லையோ என்று சந்தேகப்பட்டுவிடுவார். அதனால்தான் பட்டப்பகலிலும் ஃப்ளாஷ் தேவைப்படுகிறது. ஃப்ளாஷ் அடித்தால், அதுவரை சாம்பல் கட்டியாக இருந்த பாறை, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி சிவப்பும் ஊதாவுமாக எழுந்து நிற்கும்.

ஆனால் சிங்கப்பூர்த் தண்ணீரில் ஃப்ளாஷ் அடிப்பது ஒரு தனிக் கலை. எங்கள் வழக்கமான இடம் புலாவ் ஹந்து. மலாயில் 'ஹந்து' என்றால் பேய். பேய்த்தீவு! பக்கத்துத் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, போகிற வழியெல்லாம் வரிசை கட்டி நிற்கிற கப்பல்கள், நடுவில் இந்தக் குட்டித் தீவு. தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளில் நாலைந்து மீட்டர் தெரியும். தெளிவில்லாத நாளில் நீட்டிய கை தெரிந்தால் அதிர்ஷ்டம். கேமராவுக்கு நேர் மேலே ஃப்ளாஷை வைத்தால், மிதக்கிற மண் துகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தை நம் மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும். படத்தில் பார்த்தால் ஊட்டியில் பனி பெய்த மாதிரி இருக்கும். அதனால் இரண்டு ஃப்ளாஷையும் நண்டுக் கை மாதிரி பக்கவாட்டில் விரித்து வைத்து, மீனுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்க வேண்டும். 'கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ' என்பதுதான் எங்கள் சங்கத்தின் மூல மந்திரம்.

இந்தக் கலங்கல் தண்ணீரில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரைச் சுற்றி 250-க்கும் மேற்பட்ட கல் பவள வகைகள் இருக்கின்றன. ஓடில்லாத கடல் நத்தைகள் புலாவ் ஹந்துவில் பிரசித்தம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் போட்டிருக்கும் டிசைனைப் பார்த்தால் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். வெள்ளை உடம்பில் கறுப்பு வளையம் போட்ட ஒரு வகை உண்டு. அது நீல நிறக் கடற்பஞ்சைத் தேடிப் போய்த் தின்னும். சாப்பாட்டு விஷயத்தில் அவ்வளவு கறார், எங்கள் மாமனார் மாதிரி.

இன்றைக்கு நாங்கள் படும் பாடெல்லாம் ஒன்றுமே இல்லை. லூயி பூத்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1893-ல் கடலடியில் படமெடுத்தபோது, ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூட லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்ததாம். அதுவரைக்கும் எந்த மீன் அசையாமல் நிற்கும்? 1926-ல் ஃப்ளோரிடாவுக்குப் பக்கத்தில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் முதன்முதலாகக் கடலடியில் கலர்ப் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக ஒரு மிதவையில் மெக்னீசியம் பொடியை வைத்து வெடித்தார்கள். ஒரு மீன் படத்துக்கு ஒரு தீபாவளி! பிறகு பிரான்சில் கலிப்ஸோ என்ற கேமரா வந்தது. அதையே 1963-ல் நிக்கான் கம்பெனி 'நிக்கானோஸ்' ஆக்கியது. எங்கள் தலைவர் இன்னும் தன் நிக்கானோஸை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதில் ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படம். கடலுக்கடியில் சுருள் மாற்ற முடியாது. 'முப்பத்தாறுதான் கையில இருக்குன்னா, யோசிச்சு அமுக்குவோம். இப்ப நீங்க மெஷின் கன் மாதிரி சுடறீங்க' என்பது வாத்தியாரின் நிரந்தரப் புலம்பல்.

டிஜிட்டல் வந்தும் மாறாத ஒன்று, ஓ-ரிங். கவசப் பெட்டியின் வாயை மூடுகிற ரப்பர் வளையம். அதில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்து கதை முடிந்துவிடும். டைவிங்குக்கு முந்தின நாள் ராத்திரி அந்த வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, வெளிச்சத்தில் காட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். 'கல்யாண மோதிரத்தைக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்லை' என்பாள் என் மனைவி.

இன்னொன்று, கை ஜாடை. கட்டை விரலை உயர்த்தினால் தரையில் 'சூப்பர்'. தண்ணீருக்குள் 'மேலே போகலாம்'. புதுசாகச் சேர்ந்த ஒரு பையன், பல் டாக்டர் எடுத்த படத்தைக் கேமரா திரையில் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கட்டை விரலைத் தூக்கினான். 'காற்று தீர்ந்துவிட்டது போலிருக்கிறது' என்று டாக்டர் அவனை அழைத்துக்கொண்டு மெதுவாக மேலேறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தி, படகில் ஏற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாராட்டின் விலை, அன்றைய டைவிங்கில் பாதி!

சரி, போட்டிக்கு வருகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் சங்கத்தில் ஒருநாள் போட்டி. இங்கிலாந்தில் 1967-ல் ஆரம்பித்த ஒரு சங்கத்தில்கூட இந்த மாதிரி போட்டி உண்டு. காலையில் எல்லோரும் காலி மெமரி கார்டோடு வர வேண்டும். ஒரே இடம், இரண்டு டைவ். மாலையில் ஆளுக்கு மூன்று படம் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மேக்கப் போடக் கூடாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கார்டையும் அப்படியே ஒப்படைக்க வேண்டும். படத்தில் பேர் இருக்காது. வெளியிலிருந்து வந்த மூன்று நடுவர்கள் நம்பரைப் பார்த்துத்தான் மார்க் போடுவார்கள். கணக்குப்பிள்ளை என்பதால் கார்டுகளை வாங்கி நகலெடுத்து, ஜெயித்த படத்தை கார்டில் இருக்கும் அசலோடு ஒப்பிட்டுச் சான்று தருகிற உத்தியோகம் என் தலையில் விழுந்திருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முதல் பரிசு, தியோமான் தீவுக்கு மூன்று நாள் டைவிங் பயணம். நடுவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்த படம், புலிவால் கடல் குதிரை. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வாலைச் சிவப்புக் கடல் விசிறியில் சுற்றிக்கொண்டு, ராஜா மாதிரி நிற்கிறது. வயிற்றுப் பை உப்பியிருக்கிறது. கடல் குதிரைகளில் பிள்ளை சுமப்பது ஆண்தான் தெரியுமோ? பின்னணி மை மாதிரி கறுப்பு. பார்த்தவுடன் எனக்கே மூச்சு நின்றது.

நம்பரைப் பார்த்தேன். அண்ணன்! நாலு வருஷமாக இரண்டாம் பரிசோடு திரும்பியவர். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கார்டைப் போட்டு ஒப்பிட உட்கார்ந்தேன். ஜெயித்தது 47-ம் படம். சும்மா முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். 41-ம் படத்தில் அதே கடல் குதிரை. ஆனால் சேற்றில் பாதி புதைந்த ஒரு பழைய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கலங்கல், குப்பை, தேறாத படம். 43-ல் மங்கலாக ஓர் இரும்புக் குச்சியின் நுனி. 44-ல் குதிரை தண்ணீரில் தனியாக, எதையும் பிடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு. 47-ல் சிவப்பு விசிறி மேல் ராஜா. 41-க்கும் 47-க்கும் நடுவே நாலு நிமிஷம்.

கடல் குதிரை நீந்துவதில் சோப்ளாங்கி. வாலால் எதையாவது பற்றிக்கொண்டு, ஒரே இடத்தைச் சுற்றியே வாழ்கிற பிராணி. இரைப்பை கிடையாது என்பதால் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரி மீன்களை ஃப்ளாஷ் வெளிச்சத்தைவிடக் கையாலோ குச்சியாலோ தொட்டு நகர்த்துவதுதான் அதிகம் கலவரப்படுத்துகிறது என்று 2019-ல் ஓர் ஆராய்ச்சியும் வெளிவந்திருக்கிறது. எங்கள் போட்டி விதிகளிலும் 'எந்த உயிரையும் தொடவோ நகர்த்தவோ கூடாது' என்று கொட்டை எழுத்தில் உண்டு.

நடுவர்கள் பார்த்தது மூன்றே படம். முழுக் கார்டையும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். ரிசல்ட் அறிவிக்க இரண்டு நாள் இருந்தது.

அன்று ராத்திரி தேக்காவில் எங்கள் வழக்கமான கோப்பிக் கடைக்கு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, 41-ம் நம்பர் படத்தைப் பாத்தேன்."

கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"ஒரு அடிதானே தம்பி நகத்தினேன். செத்தா போச்சு?"

நான் பேசவில்லை.

"நாலு வருஷம் ரெண்டாவது வந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அந்த வெளிச்சம், அந்த விசிறி... ஒரு அடி தள்ளி அது சேத்துல கிடக்கு. உனக்குக் கை துறுதுறுக்காதா? நம்ம ஊர்ல சாக்கு சாக்கா கடல் குதிரை காஞ்சு கிடந்ததைப் பாத்து வளந்தவங்க நாம. இந்த ஒண்ணுக்கு இவ்வளவு யோசிக்கறே?"

"அதைப் பாத்து வளந்ததாலதாண்ணே யோசிக்கறேன்."

அவர் சொன்னது நிஜம். சின்ன வயசில் நாங்கள் பார்த்த கடல் குதிரையெல்லாம் சுள்ளி மாதிரி காய்ந்தவைதான். மருந்துக்கென்று வெளிநாடு போகும் என்பார்கள். 2001-ல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிக்கவே கூடாது என்று தடை வந்தது. அதற்கப்புறமும் எங்கள் மாவட்டத்தில் கடத்தல் கடல் குதிரை பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. உயிரோடு ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது, ஊரிலிருந்து இத்தனை தூரம் தள்ளி, இந்தப் பேய்த்தீவில். காட்டிக் கொடுத்ததே அண்ணன்தான். விரலை நீட்டி, தொடாமல், ஒரு முழம் தள்ளி நின்று காட்டினார்.

"உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே."

"அப்புறம்?"

"நீங்களே வாத்தியார்கிட்ட சொல்லி வாபஸ் வாங்கிட்டா நல்லதுண்ணே. இல்லேன்னா நான் சொல்லணும்."

எழுந்து போய்விட்டார். நான் சிங்கப்பூர் வந்த நாளிலிருந்து என்னை ஒரு கோப்பிக்குக்கூடக் காசு கொடுக்க விடாதவர். அன்று முதல் தடவையாக இரண்டு கோப்பிக்கும் நான் கொடுத்தேன்.

அவர் வாபஸ் வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, கார்டை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதம் படுத்திருந்த அந்த ஹாலும், அண்ணி வைத்த மீன் குழம்பும் ரயில் பூராவும் என்னோடு வந்தன. சோறு போட்டவரைப் போய்ச் சொல்கிறாயே என்று ஒரு மனசு. இதைச் சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் இருபத்தைந்து பேரும் ஆளுக்கொரு குச்சியோடு இறங்குவார்களே என்று இன்னொரு மனசு. வாத்தியார் படங்களை வரிசையாகப் பார்த்தார். திட்டவில்லை. 'பேரைச் சொல்லாம எடுத்துடலாம்' என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் செய்தார்கள். முதல் பரிசு அடுத்த இடத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. அவளிடம் இருந்தது சட்டைப் பையில் அடங்குகிற ஒலிம்பஸ் கேமரா. படம், ஒரு கோபி மீனும் ஒரு இறாலும். இது ஒரு வேடிக்கையான கூட்டுக் குடித்தனம். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது; ஆனால் வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். மீனுக்குத் தோண்டத் தெரியாது. கண் நன்றாகத் தெரியும். இறால் மண் அள்ளிக் கொட்ட, மீன் வாசலில் காவல். இறாலின் மீசை எப்போதும் மீன் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். மூச்சுக் குமிழி சத்தத்துக்கே மறைந்துவிடுகிற இந்த ஜோடிக்காக, அந்தப் பெண் மணலில் படுத்து இருபது நிமிஷம் காத்திருந்திருக்கிறாள். கார்டில் அதற்கு முந்தின பதினெட்டு படமும் வெறும் ஓட்டை!

அண்ணன் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணி மட்டும் பொங்கலுக்குப் போன் பண்ணினார்கள். சங்கக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. 'பெரிய நேர்மை புடலங்காய்' என்று என்னை நானே திட்டிக்கொண்ட ராத்திரிகள் உண்டு. ஆனால் போய்ச் சொன்னது தப்பு என்று ஒரு ராத்திரியும் தோன்றவில்லை.

ஆறாவது மாதம், பவளத்தில் சிக்கிக் கிடக்கிற பழைய வலைகளை அறுத்தெடுக்கிற வேலைக்குப் படகு கிளம்பியது. படகுத்துறையில் அண்ணன் நின்றார். கையில் கேமரா இல்லை, கத்தரிக்கோல் இருந்தது. கூட்டாளி பிரிக்கும்போது வாத்தியார் வேண்டுமென்றே எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டார். தண்ணீருக்குள் பேச முடியாது என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வலையைப் பிடிக்க, நான் அறுத்தேன். காற்று பாதியானதும் வழக்கம்போலத் திரும்பி என் மீட்டரை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் சமாதானப் பேச்சுவார்த்தை.

போன வருஷப் போட்டியில் அவருக்கு ஆறுதல் பரிசு. கயிற்றைப் பிடித்த ஒரு கடல் குதிரை, சேறு, குப்பை, எல்லாம் உள்ளபடியே. கார்டை என்னிடம் கொடுக்கும்போது, "நல்லா செக் பண்ணிக்கங்க போலீஸ்கார்" என்றார். சங்கத்தில் இப்போது எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால் ஒரு யோசனை. முதலில் கேமரா வாங்காதீர்கள். டைவிங் கற்றுக்கொண்டு, தண்ணீரில் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் நிற்கப் பழகுங்கள். அது வராமல் கேமராவைத் தூக்கினால், படம் விழுகிறதோ இல்லையோ, நீங்கள் பவளத்தின் மேல் விழுவீர்கள். நூறு வருஷம் வளர்ந்ததை ஒரு முழங்கால் உடைத்துவிடும். அப்புறம், உங்கள் பக்கத்தில் ஒரு கூட்டாளி எப்போதும் இருக்க வேண்டும். காற்று குறைந்தால் சொல்வதற்கு மட்டும் அல்ல.

ரிசல்ட் அன்று தேக்காவில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் பர்ஸை எடுத்தேன். "உள்ள வை தம்பி" என்றார் அண்ணன்.